ரேடியோ எழுதிய மூன்றாவது கேம்பெய்ன்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் பையைக் கழற்றி வைக்கும்போது ஆரம்பித்தால் மாலையில் விளக்கை அணைக்கும்வரை வாய் ஓயாது. சாப்பாட்டுக் கரண்டி வாய்க்குள் இருக்கும்போதும் பேசுவார். நாங்கள் கணினி விளையாட்டு செய்கிறவர்கள். அரசிகள், அரக்கர்கள், பறக்கும் பாம்புகள், கோட்டை, படை என்று இல்லாத ஒரு நாட்டில் நடக்கும் வியூக விளையாட்டு. அதற்குக் கதை எழுதுவது ரேடியோவின் வேலை. அதை விளையாடிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் என்னைப் போன்றவளுக்கு வேறென்ன வேண்டும்.

முதல் விளையாட்டு நன்றாக ஓடியதால், அதோடு சேர்த்து ஆடுகிற மாதிரி ஒரு கூடுதல் தொகுப்பு போடலாம் என்று முடிவானது. அதில் புதிதாக மூன்று கேம்பெய்ன்கள். கேம்பெய்ன் என்றால் ஒரே கதையில் கோத்த போர்கள். ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்த அத்தியாயம் திறக்கும். முதல் இரண்டும் எல்லாருக்கும் பிடித்துவிட்டன. மூன்றாவதுதான் ரேடியோவின் செல்லப் பிள்ளை. அதன் முதல் அத்தியாயத்தையே ஒருவராலும் தாண்ட முடியவில்லை.

கதை இதுதான். ஓர் அரசியின் கோட்டையை எதிரிகள் சூழ்கிறார்கள். நின்று மோதினால் சாவு. பின்னால் சதுப்பு நிலம். வழி தெரியாமல் இறங்கினால் படை மூழ்கும். கோட்டை ஓரத்துக் கூடாரத்தில் காயம்பட்டவர்கள் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவன் சதுப்பில் பிறந்து வளர்ந்தவன். கூட்டிக்கொண்டு போனால் வழி காட்டுவான். ஆனால் வியூக விளையாட்டில் ஊறியவர்கள் கூட்டிக்கொண்டு போவார்களா? காயக்காரன் வாள் தூக்க மாட்டான், சோறு மட்டும் தின்பான், படையின் வேகத்தையும் கெடுப்பான். ஆடிப் பார்த்த அத்தனை பேரும் கூடாரத்தைக் கண்டதுமே அவர்களைக் கழற்றிவிட்டார்கள். முதலில் கழற்றிவிட்டது நான்தான்.

"கூடாரத்து மேல ஒரு அம்புக்குறி போடுங்க. இவங்களயும் கூட்டிட்டுப் போன்னு ஒரு வரி எழுதுங்க. அவ்வளவுதானே," என்றார் முதலாளி.

"எழுதிட்டா அப்புறம் அதுல என்ன சார் இருக்கு? நாம சொல்லிக் கூட்டிட்டுப் போனா, கூட்டிட்டுப் போனது நாமதான், அவங்க இல்ல," என்றார் ரேடியோ. அதோடு விட்டாரா, மதியம் வரை அதையே பேசினார்.

முதலாளிக்குத் தலைவலி வந்துவிட்டது. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். இதுவரை இப்படி எதுவும் ஆடியே பார்க்காத ஒருவரை உட்காரவைப்போம். தானாகத் தாண்டினால் மூன்றாவது கேம்பெய்ன் இருக்கும். இல்லாவிட்டால் இரண்டோடு தொகுப்பு வெளிவரும். எழுதியவர் பின்னால் உட்காரலாம், ஆனால் வாயைத் திறந்தால் ஆட்டம் செல்லாது. "கனைக்கக்கூடக் கூடாது," என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் காவல் என்பதுபோல.

ஆடிப் பார்க்க வருகிறேன் என்றவர் குறித்த நாளில் வரவில்லை. கீழ்மாடி அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். படிக்கட்டில் பீரோ இழுபடும் சத்தம், அதற்கு மேலே ஒரு பெண் குரல்: "மூலையப் பார்த்துத் திருப்புங்கப்பா. இடிச்சா சுவத்துக்கு யாரு பதில் சொல்றது?"

முதலாளி எட்டிப் பார்த்தார், அந்த அதட்டல் பிடித்திருந்தது போலும், அந்த அம்மாவைக் கையோடு மேலே அழைத்து வந்துவிட்டார். ரேடியோவின் முகம் வெளிறிப்போனது.

"சார், இது எங்க அத்தை. என் சம்சாரத்தோட அம்மா."

"அப்போ ரொம்ப நல்லது. சலுகை காட்டற முகமாத் தெரியல," என்றார் முதலாளி.

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் லாரி அந்த அம்மாவுடையது. மருமகன் என்ன வேலை பார்க்கிறார் என்று அவருக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல இருக்கார்," என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாராம். ஒருமுறை ரேடியோவிடமே, "பொம்மை வரையறீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். அந்த வருத்தத்தை ரேடியோ எங்கள் காதில் ஓதாத நாளில்லை.

"ஆளுங்க பீரோவ இறக்கற வரைக்கும்தான்," என்று சொல்லி அத்தை தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மௌஸைப் பிடிக்க நான் சொல்லிக் கொடுத்தேன். ரேடியோ முக்காலியை இழுத்துப் பின்னால் போட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தை கோட்டையை ஓர் அறை விடாமல் சுற்றிப் பார்த்தார். களஞ்சியத்தைத் திறந்தார், லாயத்தைத் திறந்தார். "இவ்வளவு சாமானுக்கு ஒரு வண்டி பத்தாதே," என்றார். திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, பேச்சக் காணோம்? உடம்பு சரியில்லையா?"

ரேடியோ தலையை மட்டும் ஆட்டினார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு அத்தை கை தவறி வில்லாளிகளையெல்லாம் வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டார். எதிரி அவர்களை வாரிச் சுருட்டினான். பாதிப் படை போயிற்று. முதலாளி கொட்டாவி விட்டார். ரேடியோ முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

அப்போதுதான் அத்தை கூடாரத்துக்குப் போனார். இரண்டு பொத்தான்கள் வந்தன. ஒன்று 'கலைத்துவிடு', இன்னொன்று 'சேர்த்துக்கொள்'. மௌஸின் அம்புக்குறி முதல் பொத்தான்மேல் போய் நின்றது. தினமும் ரேடியோவோடு சண்டை போடுகிறவள் நான். அந்த நேரம் அவர் ஜெயிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சேர்த்துக்கொண்டால் வேகம் குறையும்," என்று அத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். "குறைஞ்சா குறையட்டும். ஆளு உள்ள இருக்கும்போது எப்படிப் பூட்டிட்டுப் போறது?"

சேர்த்துக்கொண்டார். கோட்டையைத் திறந்துபோட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகச் சதுப்பில் இறங்கினார். படை ஊர்ந்தது. கட்டுப்போட்ட பையன் ஒருவன் தலை தூக்கி, "அரசி, இடப்பக்கம் திரும்புங்கள்," என்றான். முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். எதிரிகள் வெறும் கோட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தையின் படை அக்கரை ஏறியது.

அக்கரையில் அந்தப் பையன் இறந்துபோவான். ரேடியோ அப்படித்தான் எழுதியிருந்தார். மற்ற காயக்காரர்கள் அவனைப் புல்லில் கிடத்தினார்கள். அத்தை மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இவன் வீட்டுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்றார். "இத யாரு எழுதினது?"

"உங்க மாப்பிள்ளைதாம்மா," என்றார் முதலாளி.

அத்தை மருமகன் பக்கம் திரும்பினார். மறைக்காமல் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"இதுதான் உங்க வேலையா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே."

"மூணாவது இருக்கட்டும். அம்புக்குறியெல்லாம் வேண்டாம்," என்று முதலாளி சொல்லிவிட்டு எழுந்தார்.

ரேடியோ வாயிலிருந்து கையை எடுத்தார். அடக்கி வைத்த அத்தனையும் பொங்கி வந்தது. "அத்தை, அடுத்த அத்தியாயத்துல அவனோட ஊரு வருது. அங்க அவங்க அம்மா..."

"சொல்லாதீங்க மாப்பிள்ளை," என்று அத்தை திரைப்பக்கம் திரும்பி மௌஸைக் கையில் எடுத்தார். "அவன் வீடு எங்க இருக்குன்னு நானே தேடிப் போய்ச் சொல்லிக்கறேன்."