பிடி அரிசி டின்

என் சித்தப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாவல் எழுதினார். அதில் போலீஸ் அதிகாரியாக நடித்தது நான். நாவலில் எப்படி நடிக்க முடியும் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போய்வந்தார்கள்; வீட்டை ஆண்டது அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். திருநெல்வேலியிலிருந்து பட்டணத்துக்கு வந்தபோது பைபிளையும் குரலையும் சேதாரமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தவர். சித்தப்பாவுக்குத் தபால் இலாகாவில் உத்தியோகம். பகலெல்லாம் அடுத்தவர் எழுதியதன்மேல் முத்திரை குத்திய கைக்கு மாலையில் சொந்தமாக எழுதும் ஆசை வந்தது. அந்த வியாதி எனக்கும் தொற்றியது தனிக் கதை.

நாவல் இதுதான். பெயரில்லாத ஒரு நாட்டில் ஜெபம் செய்யத் தடை. வேதப் புத்தகம் வைத்திருந்தால் சிறை. ஒரு பெண் மட்டும் அதை ஒளித்துவைத்திருக்கிறாள். ஓர் அதிகாரி மோப்பம் பிடித்தபடி அலைகிறார். ஜெபம் முடிந்து டீ வருவதற்குள் சித்தப்பா அந்த வாரத்து அத்தியாயத்தை வாசித்துவிடுவார். டீ பின்னால் வந்ததால் யாரும் எழுந்து போகவில்லை. எனக்குக் கட்டைக்குரல் என்பதால் அதிகாரியின் வசனமெல்லாம் எனக்கு. திருக்குறளை ஒப்பிக்கத் தெரியாமல் பள்ளியில் பெஞ்சுமேல் நின்ற நான், அந்த வசனங்களைத் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

சித்தப்பாவின் தீவிர வாசகர், சாந்தோமிலிருந்து கூட்டத்துக்கு வரும் ஆட்டோக்காரர்.

"இன்னா சார், அந்தப் பொண்ண சந்துல நிக்க வச்சிட்டுப் பூட்ட. ஒரு வாரமா எனக்கு சவாரியே ஓடல. மாட்டிக்கிச்சா இல்லியா, அத மட்டும் சொல்லிடு."

"கர்த்தருக்குத்தான் தெரியும்," என்பார் சித்தப்பா. உண்மையில் அவருக்கும் தெரியாது என்பதைத்தான் அவ்வளவு பக்தியாகச் சொன்னார்.

சித்தி மயிலாப்பூர்க்காரர். மாட வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். சித்தப்பாவை விரும்பி, ஞானஸ்நானம் எடுத்து, எங்கள் வீட்டுக்கு வந்தவர். அன்றோடு பிறந்த வீட்டுக் கதவு அவருக்குச் சாத்தப்பட்டது. இந்த வீட்டுக் கதவைத் திறந்துவைக்க அத்தை போட்ட நிபந்தனை குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்: "பழசு ஒண்ணும் இந்த வாசலத் தாண்டி வரக்கூடாது. வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே புருஷனும் பொண்டாட்டியும் பெட்டியக் கட்டணும், ஆமா." சித்தப்பா மனைவிக்காகப் பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்.

நாவலுக்கு வேண்டிய நுணுக்கங்களைச் சமையலறை வாசலில் நின்று சித்தியிடம்தான் கேட்டுக்கொள்வார்.

"ஒரு பொம்பள ஒரு பொருள ஒளிச்சு வைக்கணும்னா எங்க வைப்பா?"

"அரிசியிலதான். ஆம்பளைங்க சோறானப்புறம்தானே அதத் தொடுவாங்க."

"ஜெபம் பண்றப்ப உதடு அசைஞ்சா மாட்டிக்குவாளே?"

"பெருக்கிக்கிட்டே சொல்லுவா. வெளக்குமாத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

சித்தப்பா பூரித்துப்போவார். என் மனைவிக்கு என்ன கற்பனை வளம் என்று அப்பாவிடம் வந்து பெருமையடிப்பார். சித்தி ஏன் பெருக்கிய வீட்டையே மறுபடி மறுபடி பெருக்குகிறார் என்று யாரும் யோசித்ததில்லை. வீடு சுத்தமாக இருந்தது. எங்களுக்கு அது போதும்.

அந்த வெள்ளிக்கிழமை வாசித்தது சோதனை நடக்கும் அத்தியாயம். அதிகாரி வீட்டுக்குள் நுழைகிறார். வேதப் புத்தகம் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. ஆட்டோக்காரர் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அத்தை குறுக்கே வந்தார்.

"எலே தம்பி, இது நடக்கிற காரியமா? டிரம்முல தினம் படி போட்டு அளக்குறவ நானு. ஒரு பொட்டலம் கெடந்தா அன்னைக்கே கைல தட்டாதா?"

"அக்கா, நல்லா ஆழத்துல வச்சா..."

"ஆழமாவது ஒண்ணாவது. அளக்கத் தெரியாதவன் எழுதுத கதை!"

கூட்டம் சிரித்தது. முதல் விமர்சனத்தை மனைவி மக்கள் முன்னால் வாங்கிய எழுத்தாளன் என்ன செய்வான் என்பது எனக்கு இப்போது அனுபவபூர்வமாகத் தெரியும். சித்தப்பா விறுவிறுவென்று சமையலறைக்குப் போனார். நிரூபித்துக் காட்டப் போகிறாராம். டிரம்மை அசைத்துப் பார்த்தார். அவருடைய இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த பிடி அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

பிடி அரிசி என்பது ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன்னால் ஆலயத்துக்கென்று எடுத்துவைக்கும் ஒரு கைப்பிடி. மாதக் கடைசி ஞாயிறன்று சித்தி அதைப் பையில் கொட்டி எடுத்துப்போவார். ஆண்டவருடைய அரிசி. போடலாம், மற்றபடி அந்த அரிசியை யாரும் துழாவுவதில்லை.

"வேணாங்க," என்றபடி சித்தி பின்னாலேயே ஓடிவந்தார். "சிந்திடும். அது ஆலயத்துக்கு வச்சது."

"ஒரு நிமிஷம்," என்றார் சித்தப்பா. நடுக்கூடத்தில் டின்னை வைத்துத் தன் பேனாவைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் வேதப் புத்தகம்னு வச்சுக்கோங்க." முழங்கை வரை கையை உள்ளே விட்டார். "இப்ப எங்கே இருக்குன்னு தெரியுதா? தெரியாது. ஆனா அதிகாரி கையை விட்டு..."

அதோடு நின்றுவிட்டார். முகம் போன போக்கைப் பார்த்துத் தேள் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். கை மெல்ல வெளியே வந்தது. அதில் பேனா இல்லை. மஞ்சள் துணி சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. துணி நழுவியது. விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வேல், நுனியில் விபூதி ஒட்டியபடி.

ஆட்டோக்காரர் வாயிலிருந்து துண்டு விழுந்தது. அத்தையின் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அந்தக் குரலுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததேயில்லை. எல்லோரும் இப்படி வாயடைத்துப் போனதும், எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அடுத்த வசனம் என்னுடையது. மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

எழுந்து, என் கட்டைக்குரலில், கூடம் அதிரக் கேட்டேன்:

"சொல்! இது யாருடையது?"

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாவலில் அந்தப் பெண் சொல்லவேண்டிய பதிலைச் சித்தப்பா இன்னும் வாசிக்கவேயில்லை.

"என்னுது," என்றார் சித்தி. "அம்மா குடுத்தது."

சித்தப்பா அவரைப் பார்த்தார். அப்புறம் அத்தையை. பிறகு அந்தப் பித்தளை வேலை மஞ்சள் துணியில் சுற்றினார்; அவசரமில்லாமல், முனை வெளியே தெரியாமல். மறுபடி அரிசிக்குள் கையை விட்டு, அடியில் வைத்து, மேலே அரிசியைத் தடவிச் சமமாக்கி, மூடியை அழுத்தினார்.

"பாத்தியாக்கா," என்றார். "ஒளிச்சு வைக்க முடியும்."

வந்தவர்கள் அத்தனை பேரும் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை பாட்டுப் புத்தகத்தை எடுத்தார், தலைகீழாக. யாராலும் எட்டமுடியாத சுருதியில் முடிவுப் பாட்டைத் தொடங்கினார். ஆட்டோக்காரர் மட்டும் தைரியமாகக் கூடவே பாடிப் பாதியில் இருமினார். அன்று டீ வரவில்லை.

பெட்டி கட்டப்படும் என்று நான் காத்திருந்தேன். கட்டப்படவில்லை. அத்தை பல நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் வேளை தவறாமல் பிடி அரிசி போட்டார். முன்பெல்லாம் டின்னுக்குள் கையை இறக்கிப் போடுபவர், இப்போது எட்டி நின்று மேலிருந்தே தூவினார். அரிசி சூடாக இருக்கிறதோ என்று ஒருநாள் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.

நாவலைத்தான் சித்தப்பா பாழாக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை வாசித்ததில் அதிகாரி கையை உள்ளே விடுகிறார், புத்தகம் தட்டுப்படுகிறது, மூடியைச் சாத்துகிறார். வெளியே நிற்கும் மேலதிகாரியிடம், "உள்ளே அரிசி மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். முற்றும். துப்பாக்கிச் சூடு கிடையாது. எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வசனம்தான், அதையும் மெதுவாகச் சொல்லச் சொன்னார்.

"இன்னா சார், இப்படி ஊத்திக்கிச்சு!" என்று ஆட்டோக்காரர் மனம் உடைந்தார். நானும் அவரோடு சேர்ந்து கத்தினேன்.

அத்தனை மாதத்தில் கூட்டத்தின் நடுவே ஒரு நாள்கூடக் கதையைப் பற்றி வாய் திறக்காத சித்தி, டீ டம்ளர்களோடு வந்தவர், தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்.

"அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொரு தடவ படிங்களேன்," என்றார்.

துப்பாக்கியே வெடிக்காத ஒரு பக்கத்தை இரண்டாம் தரம் கேட்க அதில் என்ன இருக்கிறது என்று எரிச்சலாக வந்தது எனக்கு.