கொடிக்கம்பி வைத்த காய்கறி வண்டி

வண்டி வாங்கியபோது அது வெறும் வண்டி. முன்னால் கேபின், பின்னால் இரும்புத் தொட்டி. பிக்கப் என்று சொல்வார்கள். மற்றதெல்லாம் பிறகு ஒவ்வொன்றாக ஏறியது. எதையும் நான் ஆசைப்பட்டு மாட்டவில்லை.

முதலில் ஏறியது மைன்ஸுக்காக. ஃபிட்டர்களையும் அவர்கள் சாமானையும் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிற காண்ட்ராக்ட் வேலை. கேட்டில் வண்டியைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். கூரைமேல் சுழல் விளக்கு இருக்க வேண்டும். பின்னால் எடுத்தால் கத்துகிற அலாரம் இருக்க வேண்டும். அதோடு கேபினுக்குப் பின்னால் உயரமாக ஒரு கம்பி, நுனியில் சிவப்புக் கொடி.

கொடி அழகுக்கு இல்லை. மண் தள்ளுகிற டோசரை ஓட்டுகிறவர் மாடியில் இருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். அவர் மூக்குக்குக் கீழே நம் வண்டி நின்றால் அவருக்குத் தெரியாது. கொடி தெரியும். தெரிந்தால் நிறுத்துவார். நான் அந்தக் கொடியை நம்பித்தான் உள்ளே போய் வந்தேன்.

சில வருஷம் ஓடியது. பிறகு காண்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனது. அவர் தன் வண்டிகளைக் கொண்டுவந்தார். என் வண்டி எங்கள் ஊரான வடக்குத்தில் வீட்டு வாசலில் நின்றது. கூரையில் காக்கை உட்கார்ந்தது.

"நின்னுகினு இருந்தா டயர்தான் கெடும்," என்றாள் என் மனைவி. "காய் போடலாம்."

அவளுக்குக் காய் தெரியும். எனக்கு வண்டி தெரியும். வேறு யோசனையும் இல்லை.

வடலூரில் வண்டிக்குச் சாமான் மாட்டுகிற கடைக்காரர் ஒருவர் உண்டு. மைன்ஸ் சாமானை மாட்டியதும் அவர்தான். பேச்சுக்காரர். வண்டியை விட்டதும் சுற்றி வந்தார்.

"அண்ணே, முன்னால ஒரு இரும்பு கார்டு போட்டுடலாம். வண்டி எருமக்கெடா மாதிரி நிக்கும்."

"எரும காய் விக்காதுங்க," என்றாள் மனைவி.

"கூரைல எல்.இ.டி. பட்டை?"

"பகல்லதான விக்கப் போறோம்."

"கண்ணாடில ஸ்டிக்கராவது ஒட்டிக்கலாம்க்கா. புள்ளைங்க பேரு."

"அதுங்க பேரு ஸ்கூல்ல எழுதி இருக்குது. போதும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன்.

அவளே சொன்னாள். தொட்டிக்கு இரண்டு பக்கமும் சரிவாகத் தட்டு வேண்டும், வாங்குகிறவர் இடுப்பு உயரத்தில். எட்டிப் பார்க்க வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். மேலே பைப் வளைத்துத் தார்ப்பாய். தராசு தொங்க ஒரு கொக்கி. பின்னால் அவள் ஏற ஒரு படி, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. டாஷ்போர்டில் ஒட்ட மாதா சிலையை அவளே பையில் கொண்டுவந்திருந்தாள்.

கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு ஸ்பீக்கரும் மாட்டினார். அது இல்லாமல் காய் வண்டி ஏது என்றார். அவள் குரலையே பதிந்து கொடுத்தார். கொடிக்கம்பியைக் கழற்றப் பார்த்தார். நட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது.

"வெட்டிடட்டுமாண்ணே?"

"இருந்துட்டுப் போவுது," என்றேன். காரணம் ஒன்றும் இல்லை.

முதல் நாள், மைன்ஸ்காரர்கள் குடியிருக்கிற டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்குக்குள் நுழைந்து ஸ்பீக்கரைப் போட்டேன். தக்காளி, கத்திரி, வெண்டை என்று அவள் குரல் போயிற்று. இரண்டாவது தெரு திரும்புவதற்குள் ஒருவர் லுங்கியோடு வெளியே வந்து கையைக் குறுக்கே நீட்டினார்.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான் தலைய சாச்சேன். அத்த நிறுத்துறியா?"

நிறுத்தினேன். அடுத்த தெருவில் போட்டேன். அங்கே வேறொருவர் ஜன்னலில் நின்றார். அவரும் நைட் ஷிப்ட்.

"இங்க எந்நேரமும் எவனாவது தூங்கிகினுதான் இருப்பான்," என்றாள் மனைவி. "கூவி விக்கிற ஊரு இல்ல இது."

ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். ரிவர்ஸ் அலாரத்தையும் பிடுங்கினேன். அதற்குப் பிறகு பின்னால் எடுக்க வேண்டுமென்றால் அவள் இறங்கி நின்று தொட்டியை ஒரு தட்டு தட்டுவாள். தட்டினால் நிறுத்த வேண்டும்.

சத்தம் இல்லாமல் போனால் வண்டி வந்தது யாருக்குத் தெரியும்? குவார்ட்டர்ஸ் எல்லாம் வேலிச்செடிக்கும் மாமரத்துக்கும் உள்ளே இருக்கிறது. நாங்கள் தெருவுக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுவோம். கதவு திறக்காது. காய் மத்தியானம் வாடிவிடும். கீரையை மாட்டுக்குப் போட்டோம்.

ஒரு நாள் மேல்வீட்டு ஜன்னல் ஒன்றிலிருந்து கயிறு இறங்கியது. நுனியில் ஒயர் கூடை. மேலே ஓர் அம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கூடையில் சீட்டு இல்லை. விரலால்தான் பேசினார். ஒரு விரல் தக்காளிப் பக்கம், பாதி மடக்கிய விரல் வெங்காயத்துக்கு. மனைவி போட்டாள். கூடை மேலே போயிற்று.

மறுநாள் அந்த அம்மா கீழேயே வந்தார். திருநெல்வேலிப் பக்கம்.

"அவுக இப்பந்தான் படுத்தாக. அதாம் நேத்து பேசல," என்றார். "அண்ணாச்சி, உங்க வண்டி வாரது அடுப்படில நிக்கும்போதே தெரிஞ்சிட்டு. வேலிக்கு மேல கொடி மட்டும் நடந்து வருது."

அவர் இரண்டு வீட்டுக்குச் சொன்னார். அந்த வீடுகள் நாலு வீட்டுக்குச் சொன்னன. கொஞ்ச நாளில் கொடி நுனி வேலிக்கு மேலே தெரிந்தால் பெண்கள் பையோடு கேட்டில் நிற்பார்கள். எல்லோரும் மெல்லப் பேசுவார்கள். பேரம்கூட மெல்லத்தான் நடக்கும். சண்டை போட்டாலும் சத்தம் வராது. சாவு வீட்டில் காய் விற்பதுபோல இருக்கும், ஆனால் விற்றது.

அதன் பிறகு வெட்டாமல் விட்டதை நினைத்துக்கொண்டேன். மைன்ஸ் போன பிறகு எங்களுக்கு இருந்தது அந்த இரண்டு பிளாக்தான்.

பிறகு யூனியன் எலெக்ஷன் வந்தது. டவுன்ஷிப்பில் அது பொது எலெக்ஷனைவிடப் பெரிது. சுவரெல்லாம் நிறம் மாறும். ஒரு காலை வண்டியை நிறுத்தியிருந்தோம். டூ வீலரில் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு சிலர் வந்தார்கள். முன்னால் வந்தவர் என் கொடியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"தோழர், நம்ம வண்டியா?"

"இது மைன்ஸ் கொடிங்க," என்றேன்.

"எல்லாம் ஒரே செவப்புதான் தோழர்."

சிரித்துக்கொண்டே தார்ப்பாயில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறப்பதற்குள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மனைவி தண்ணீர் தெளித்துக் கிழித்தாள். அதற்குள் இரண்டு தெரு தாண்டியிருந்தோம். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் கேட்டில் நின்றவர்களில் பாதிப் பேர் இல்லை. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தார்கள். மேல்வீட்டு ஜன்னலில் அந்த அம்மா நின்றார். எங்களைப் பார்த்தார். கயிறு இறங்கவில்லை.

அவர் வீட்டுக்காரரைத் தெருமுனை டீக்கடையில் பார்த்தேன். டோசர் ஆபரேட்டர், வேறு யூனியனில் பொறுப்பில் இருக்கிறவர். நானே போய்ச் சொன்னேன், அது மைன்ஸ் கொடி என்று.

"எனக்கா சொல்லுதீரு?" என்றார். "தெனமும் அதைப் பாத்துத்தான ஓட்டுதேன். உள்ள அதைப் பாத்தா வண்டிய நிறுத்துவேன். இங்க எம் பொண்டாட்டி அதைப் பாத்துக் கூடைய எறக்குனா நாலு பேரு என்னையப் பாப்பான். எலெக்ஷன் முடியட்டும்வே."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் கத்திரிக்காய் எலெக்ஷன் முடியும்வரை காத்திருக்காது.

வண்டியை வடலூருக்கு விட்டேன். வேறு நிறத்தில் கொடி போடலாம் என்று எண்ணம். கடைக்காரருக்கு இது பிடித்துப்போயிற்று. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பச்ச?"

"அதுலயும் யூனியன் இருக்குது," என்றாள் மனைவி.

"நீலம்? காவி?"

"ரெண்டுத்துக்கும் ஆள் இருக்குது."

"கருப்பு?"

"காய் வண்டில துக்கக் கொடியா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"மஞ்சளும் வெள்ளையும் போடுக்கா. எங்க சபைக் கொடி. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அது எங்க மாதா கோயில் கொடிங்க," என்றாள் அவள். "திருநாளுக்கு அதான் ஏத்துவோம்."

"எப்பலேந்து?"

"எப்பலேந்துமே."

கடைக்காரர் வடலூர் சபையில், பசித்தவருக்குச் சோறு பொங்குகிற அணையா அடுப்புக்கு விறகு கொடுக்கிறவர். அவரோடு இதில் வழக்குப் பேச அவளுக்கு மனம் இல்லை.

"அப்ப மொட்டக் கம்பிதான்," என்றார் அவர்.

மொட்டைக் கம்பியோடு போனோம். வேலிக்கு மேலே கம்பி இருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. சிவப்புக் கொடிக்கு வந்துகொண்டிருந்தவர்களும் வரவில்லை, வண்டி நின்றுபோயிற்று என்று நினைத்தார்கள். தக்காளி தட்டிலேயே கசிந்தது. மிஞ்சியதை வடக்குத்தில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். வீட்டில் மூன்று வேளையும் கத்திரிக்காய். பிள்ளைகள் தட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"வண்டிய கொடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

காலையில் நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் கீரை வைத்திருந்த முறத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். பின்படியில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துத் தொட்டி விளிம்பில் நின்றாள். கம்பியைத் தன் பக்கம் வளைத்து, நுனியில் முறத்தை வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினாள்.

"என்னா அது?"

"மொறம்."

"தெரியுது."

"மொறம் எந்த யூனியன்? சொல்லுங்க பாப்போம்."

நான் யோசித்துப் பார்த்தேன். வண்டியை எடுத்தேன்.

வேகமாகப் போனால் காற்று முறத்தைப் பிடித்துக் கம்பியைப் பின்னால் இழுத்தது. மெல்லப் போனேன். பிளாக்குக்குள் நுழைந்தபோது அந்த டூ வீலர்காரர் எதிரே வந்தார்.

"என்ன தோழர், கொடிய எறக்கிட்டீங்க?"

"தொவைக்கப் போட்டுருக்குதுங்க," என்றாள் மனைவி.

அவர் முறத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு போனார்.

முதல் தெருவில் ஒரு கேட் திறந்தது. இரண்டாவது தெருவில் மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "மொறத்தப் போயி இப்படித் தூக்கிக் கட்டலாமா?" என்று மெல்லக் கேட்டாள். கேட்டுக்கொண்டே வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தாள்.

மேல்வீட்டுக்குக் கீழே நிறுத்தினேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மனைவி தராசைக் கொக்கியில் மாட்டிவிட்டு மேலே பார்க்காமல் நின்றாள். நானும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் போனது. எடுக்கலாம் என்று சாவியைத் தொட்டேன். அவள் தொட்டியை ஒரு தட்டு தட்டினாள்.

ஒயர் கூடை என் கண்ணாடிக்கு முன்னால் ஆடியது. இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்தது அந்த அம்மா இல்லை. டோசர்காரர். தூக்கக் கண்ணோடு நின்றார். முறத்தைப் பார்த்தார், டோசரிலிருந்து பார்க்கிற மாதிரி.

"தெரியுதா?" என்று கையால் கேட்டேன்.

"கொடிய விட நல்லாத் தெரியுதுவே," என்றார், குரலைத் தாழ்த்தி. பிறகு பின்னால் திரும்பி என்ன வேண்டும் என்று கேட்டு, விரலைக் காட்டினார்.

மனைவி தக்காளி போட்டாள். முருங்கைக்காய் கூடைக்குள் அடங்கவில்லை. நீட்டிக்கொண்டே மேலே போயிற்று.