அமாவாசையன்று போட்ட ஊசி

போன வருஷம் ஆவணி அமாவாசை அன்று, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடிச் சமுதாயக் கூடத்தில் நடந்தது இது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வீட்டில் பட்டுத்தறி, கணவர் நெய்வார், நான் கூடமாட வேலை பார்ப்பேன். கவலைப்படுவதில் மட்டும் என்னை மிஞ்ச தெருவில் ஆள் இல்லை. மகள் பள்ளியிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானால் பஸ் கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வேன். அவள் நடந்துதான் வருவாள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க, பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடப்போகிறார்கள் என்றார்கள். மருந்தும் நர்சம்மாவும் சுகாதார நிலையத்திலிருந்து வருவார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுவது, முகாம் நடத்துவது எல்லாம் எங்கள் மகளிர் குழு. அதற்கான பணத்தை ஓர் அறக்கட்டளை கொடுத்தது. எப்படிச் செலவழிப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நல்லது என்று மட்டும் அவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் குழுத் தலைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கெழம தறி நிக்காதும்மா. அமாவாசைக்குத்தான் நிக்கும். அன்னிக்கு அப்பன்காரனும் வீட்ல இருப்பான், கையோட சம்மதம் கேட்டுக்கலாம். மேடை, பேனருன்னு போட்டு இன்னா ஆவப்போவுது? பசங்களுக்கு இட்லி வாங்கிப் போடலாம்."

அதோடு விடவில்லை. முதல் ஊசி என் மகளுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். "நீ பயந்தவன்னு தெருவுக்கே தெரியும். நீயே உம் பொண்ணுக்குப் போட்டுட்டா அப்புறம் எவ பயப்படப் போறா?"

எனக்கு இரண்டு பக்கமும் பயம். ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை தங்காது என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் என் கூடப்பிறந்த அக்காவைக் கொண்டுபோனது இந்த நோய்தான். தெரியவந்தபோதே முற்றிப்போயிருந்தது. அதை நினைத்துத்தான் சரி என்றேன்.

அன்று காலை நர்சம்மாவிடம் மறுபடியும் கேட்டேன். "கொழந்தை பொறக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எத்தினி வாட்டி கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்" என்று சிரித்தார். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வரக்கூடாது என்பதால் எல்லாருக்கும் இட்லி கொடுத்தாயிற்று. அம்மாக்களைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. அமாவாசைக்கு முன்னோருக்குப் படையல் போட்டு, காக்கைக்கு வைக்கும்வரை நாங்கள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம்.

மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான்தான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, தரையில் கிடக்கிறேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

அதற்குள் "ஊசி போட்டு மயக்கமாம்" என்ற செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது. கணவர் நெற்றியில் பாதி விபூதியோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். எதிர்வீட்டுக்காரி தன் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். என்னால்தான் எல்லாம் கெட்டது, இனி ஒரு பிள்ளைகூட வராது என்றே நினைத்தேன்.

ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மகள் எங்கே உட்கார்ந்தாள்? வாயில் இட்லியோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"ஊசி எனக்குப் போட்டாங்க. வுழுந்தது எங்கம்மா. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல, வெரதம்."

கணவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நல்லவேளை, இவளுக்கு ஊசி போடல. போட்டிருந்தா ஆஸ்பத்திரியையே இங்க தூக்கினு வந்திருக்கணும்."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. கீழே கிடந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி மட்டும் சிரிக்காமல் என் மகளிடம் மெதுவாகக் கேட்டாள்: "வலிக்குதாடி?"

"தறிக்குழில முட்டி இடிச்சிக்குவோமே அத்தே, அத விட கம்மிதான்."

எதிர்வீட்டுக்காரி, இழுத்துக்கொண்டு போன மகளை அதே கையால் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு வரிசை வாசலைத் தாண்டிப் போனது.

ஆறு மாதம் கழித்துப் போடவேண்டிய இரண்டாவது ஊசி மாசி அமாவாசைக்கு. இந்தத் தடவை படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மத்தியானத்தில் வைத்தோம். அறக்கட்டளைப் பணத்தில் அம்மாக்களுக்கும் மோர் வாங்கினோம். பயப்படும் அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. "மயக்கம் வந்தா என் பக்கமா சாயுங்க, எனக்குப் பழக்கம்" என்பேன். யாரும் சாயவில்லை.

மகள் தாமதமாக வந்தால் இன்றைக்கும் என் மனசுக்குள் பஸ் கவிழத்தான் செய்கிறது. ஆனால் அக்காவை நினைத்துக்கொண்டு மகளைப் பார்க்கும்போது, இவளுக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்று முன்பு வருமே ஒரு பயம், அது மட்டும் அன்று நான் விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.