ஒப்பந்தத்தில் நான் எழுதாத நாள்

பொத்தேரியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது நான் எழுதிய முதல் ஒப்பந்தம் பதினாறு பக்கம். மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் சொந்தப் படகு வைத்திருந்த ஓர் அண்ணனும், சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த நெல்லைக்காரர் ஒருவரும் கூட்டாக மீன் வியாபாரம் தொடங்கினார்கள். அண்ணன் பிடித்துத் தருவார். நெல்லைக்காரர் போனில் ஆர்டர் வாங்கி அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்புவார். நண்பர்களாயிற்றே என்று, இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து ஒரே மூச்சில் அடித்துக் கொடுத்தேன். தகராறு வந்தால் மூன்று நடுவர்கள், விசாரணை சிங்கப்பூரில் என்று அதில் இருந்தது. மாதிரியில் இருந்ததை நான் ஏன் எடுக்க வேண்டும்? பார்க்கக் கம்பீரமாக வேறு இருந்தது.

நான் செங்கல்பட்டில் ஜூனியராகச் சேர்ந்த சில மாதங்களில் அண்ணன் ஒரு வக்கீல் நோட்டீஸோடு வந்து நின்றார். அவர் மீன் தருவதைத் திடீரென நிறுத்திவிட்டாராம். நெல்லைக்காரர் அனுப்பிய நோட்டீஸ் அது.

"இன்னாடா எழுதி வச்சிகீற? மீனு குடுக்கலன்னா சிங்கப்பூர் போவணுமாமே! என்கிட்ட பாஸ்போட்டே கெடையாது. என் போட்லயே போயிடவா?"

சீனியர் நோட்டீஸைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார். "ரெண்டு பேருக்கும் நீதான் எழுதிக் கொடுத்திருக்க. அதனால நாம யாருக்கும் ஆஜராக முடியாது. சிங்கப்பூருக்குப் போனா செலவுக்கே படகு போயிடும். இங்க கேஸ் போட்டா உனக்குக் கல்யாணமாகி, உன் புள்ள ஸ்கூலுக்குப் போறவரைக்கும் வாய்தா வாங்கலாம். ரெண்டு பேரையும் சமரச மையத்துக்குக் கூட்டிட்டுப் போ."

கூட்டிப் போனேன். சமரசம் பேச உட்கார்ந்த அம்மா, இருவரின் சம்மதத்தோடு என்னையும் உள்ளே விட்டார். அதுவரை நெல்லைக்காரரைத் 'தம்பி' என்று கூப்பிட்டுவந்த அண்ணன் அன்று 'சார்' என்றார்.

"ஏன் மீன் தர்றதில்லைனு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. பத்து வாட்டி போன் பண்ணிருக்கேன்லா?" என்றார் நெல்லைக்காரர்.

"சாருக்குத் தெரியாதா?"

அந்த அம்மா அவசரப்படவில்லை. நான்தான் இடையில் புகுந்து, எட்டாம் பக்கத்தில் உள்ள விநியோக நிபந்தனையைப் படிக்க ஆரம்பித்தேன். "நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க தம்பி," என்றார் என்னிடம். பிறகு அண்ணனிடம், "கடைசியா மீன் கொடுத்த நாளைப் பத்திச் சொல்லுங்க," என்றார்.

அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் ஊரில் சாவு விழுந்தால் அன்று ஒரு படகும் கடலில் இறங்காது. அன்றைக்கு அடுத்த தெருப் பெரியவர் இறந்திருந்தார். அண்ணனும் போகவில்லை, மீன் இல்லை என்று மட்டும் செய்தி அனுப்பினார். ஆர்டர் வாங்கிவிட்ட நெல்லைக்காரர் மார்க்கெட்டில் மீன் வாங்கி, வழக்கமான பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். பெட்டியின் மேல் படகோடு நிற்கும் அண்ணனின் படம். கீழே, 'இன்று காலை எங்கள் கடலில் பிடித்தது'. அந்த அடுக்குமாடியில் வேலை பார்க்கும் ஊர்ப்பெண் ஒருத்தி அதைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டாள்.

"பொணத்த வூட்ல வச்சிகினு சனம் அழுவுது, நீ திருட்டுத்தனமா கடலுக்குப் போனியான்னு ஊர்க்கூட்டத்துல நிக்க வச்சிக் கேட்டாங்க. இல்லன்னேன். போட்டோவக் காட்றாங்க. இன்னிக்கி வரிக்கும் என் போட்டக் கடல்ல தள்ள ஒருத்தன் கை வைக்கல, சார்."

நெல்லைக்காரர் அண்ணன் பக்கம் திரும்பி, "சாவுன்னு எனக்குத் தெரியாதுண்ணே," என்றார். "ஆனா மார்க்கெட் மீன்ல அந்த ஸ்டிக்கர ஒட்டுனது தப்புன்னு அன்னிக்கே தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த வக்கீலும் அவரைச் சொல்ல விட்டிருக்க மாட்டார். எனக்கு அவரை அந்த நிமிடத்தில் ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரே பக்கத்தில் சமரச ஒப்பந்தம் எழுதினோம். படகு இறங்காத நாளில் 'இன்று கடலுக்குப் போகவில்லை' என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போகும், பெட்டி போகாது. அதோடு, நெல்லைக்காரர் ஊர்க்கூட்டத்தில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டது அண்ணன் இல்லை, நெல்லைக்காரரே.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மணலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, நெல்லைக்காரர் மட்டும் நின்று சொன்னார். இறந்தவரின் மகள் மீன் விற்பவர். அவர்தான் எழுந்தார்.

"அப்ப அது எங்க கடல் மீனே இல்லியா?"

"இல்லக்கா."

"மார்க்கெட்ல யாராண்ட வாங்கின? மீனு கண்ணு செவந்து கெடந்துச்சா, தெளிவா இருந்துச்சா?"

"பார்க்கலக்கா."

"பாக்காமயே வாங்கினியா! இவன வச்சிகினு நீ வேவாரம் பண்ற?" என்று அண்ணனைக் கேட்டார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "எங்கப்பன் செத்த அன்னிக்கி இந்தாளு கடலுக்குப் போவல. கேட்டுக்கினீங்களா எல்லாரும்? நாளைக்கிக் காத்தால போட்டத் தள்ள ஆள் வரணும்," என்றார்.