டாக்டர் முன்னால் நேராகிவிடும் கை

எலும்பு முறியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பார்த்த ஒவ்வொரு டாக்டரும் இதைத்தான் முதலில் சொன்னார், ஏதோ முறியாமல் விட்டது என் குற்றம் என்பதுபோல.

லஸ் முனையில் டிராம் நிற்பதற்குள் இறங்கினேன். அரசாங்கக் கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து, ஹெட் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவனுக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்காதீர்கள். விழுந்தபோது வலது மணிக்கட்டு தரையில் ஊன்றிக்கொண்டது. வீங்கியது, கட்டினார்கள், வடிந்தது.

ஆறாவது வாரம் ஒரு காலையில் காபி டம்ளரை எடுக்கப் போனேன். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிற்று. கடைசி இரண்டு விரல்களும் உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டன. ஈரத் துணியைப் பிழிகிறமாதிரி முழங்கை வரைக்கும் ஒரு முறுக்கு. வலியைவிட அசதிதான் அதிகம். நான் சொல்லி அது முறுக்கவில்லை. நான் சொல்லி நிறுத்தவும் இல்லை.

இந்தத் தொல்லை உள்ளவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அறிகுறிகளை நானும் தேதிவாரியாக, ஓரம் விட்டு, இடது கையால் மூன்று பக்கம் எழுதித்தான் கொண்டுபோனேன். யாரும் படிக்கவில்லை. நீங்கள் ஒரு பக்கத்தோடு நிறுத்துங்கள்.

மயிலாப்பூர் டாக்டர் எக்ஸ்ரே (எலும்பைக் காட்டும் படம்) எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கை நேராக இருந்தது. "நன்னாத்தானே இருக்கு?" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கை முறுக்கிக்கொண்டது.

அடுத்தவர் மின்சார சிகிச்சைக்காரர். அவரிடமும் கை ஒழுங்காக நடந்துகொண்டது. ஆனாலும் பதினைந்து தடவை மின்சாரம் பாய்ச்சினார். கொடுக்கிறதைக் கொடுத்துவிடுவோம் என்ற தர்ம சிந்தனையாக இருக்கலாம்.

மூன்றாவது ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார சர்ஜன் என்னை நிற்கவைத்து, கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். சுண்டுவிரல்கூட அசையவில்லை. அவர் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேசினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். கோளாறு மனத்தில்தான் இருக்கிறது, மனநோய் ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்துப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். அவர் கொடுத்த காகிதத்தில் இன்னொரு டாக்டரும் கையெழுத்திட வேண்டும்.

திரும்பும்போது ரிக்‌ஷா இழுத்தவன், நான் ஏறுவதற்குள் கையைப் பார்த்துவிட்டான்.

"இன்னா சாமி, கை இப்டி முறுக்கிக்கினு கீது? டாக்டரு பாக்கலியா?"

"பார்த்தார். ஒன்றுமில்லை என்றார்."

"அப்போ அவரு கண்ணுலதான் இன்னாவோ கீது."

அதுவரை நான் கேட்ட அபிப்பிராயங்களில் ஆதாரத்தோடு சொல்லப்பட்டது இதுதான்.

ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய தியாகராய நகரில் என் மகன் புது வீட்டில் இருக்கிறான். காகிதத்தை வாசித்துவிட்டு, "கோவிச்சுக்காதேங்கோப்பா. பத்து நாள் இருந்துட்டு வந்தா என்ன கொறஞ்சுடும்?" என்றான். என்ன குறையும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தின் ரிஜிஸ்டரில் ஒரு தடவை ஏறிய பெயர், அப்புறம் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் முன்னால் வந்து நிற்கும். பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க ஒரு ஃபாரமும் சர்க்காரில் கிடையாது. நானே தேடிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கையெழுத்துக்காக மகனும் நானும் அடையாற்றில் ஒரு டாக்டரின் பங்களாவுக்குப் போனோம். நரம்பு வைத்தியம் படித்தவர், என் மகன் வயதுதான் இருக்கும். சட்டைப் பொத்தான் போட உதவிக்கு ஆள் வேண்டுமென்று என் மனைவி அலமேலுவும் வந்தாள். அதற்கு முன் அவள் எந்த டாக்டர் அறைக்குள்ளும் வந்ததில்லை.

டாக்டர் உட்காரச் சொன்னார். நான் நின்றேன். கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். நேராக இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

கதவோரத்திலிருந்து அலமேலுவின் குரல் கேட்டது. "ஏன்னா, அந்த எடது கையை எடுங்கோ."

குனிந்து பார்த்தேன். என் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. துரைமார்கள் முன்னால் முப்பத்திரண்டு வருஷம் கை கட்டி நின்றவன், எந்த டாக்டர் முன்னாலும் வேறெப்படி நின்றிருப்பேன்? கையை நீட்டச் சொன்னால், காகிதம் நீட்டுகிறபோது செய்வதுபோல, மரியாதைக்கு இடது கையால் மணிக்கட்டைத் தாங்கி நீட்டுவேன். வீட்டில் எனக்கு மேலதிகாரி இல்லாததால் அங்கே கை கட்டுவதில்லை.

"பெரியவா முன்னாடி எப்படி..." என்று இழுத்தேன்.

"அவருக்கு நம்ம பிள்ளை வயசு. நின்னது போறும், விடுங்கோ!"

விட்டேன். அரை நிமிஷத்தில் கை மடங்கி, முறுகி, எலும்பு தெரிய இறுகிற்று. டாக்டர் பேனாவை மூடினார்.

"இப்ப தொடுங்க சார்." தொட்டேன். தளர்ந்தது. "விடுங்க." முறுக்கியது. ஐந்து தடவை செய்யச் சொன்னார். விளையாட்டுச் சாமான் கிடைத்த முகம் அவருக்கு. எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவராவது பார்க்கிறாரே என்றிருந்தது.

"டிஸ்டோனியா" என்றார் (தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் நரம்புக் கோளாறு). "அடிபட்ட அப்புறம் வர்றது அபூர்வம், படிச்சிருக்கேன், பார்த்ததில்ல. ஓரிடத்தைத் தொட்டா அடங்கறது இதுக்கே உள்ள குணம். பைத்தியமும் இல்ல, நடிப்பும் இல்ல."

"குணமாகுமா?"

"மருந்து தரேன். வாக்குத் தரமாட்டேன்."

காகிதத்தில் அவர் கையெழுத்திடவில்லை. மகன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மருந்தால் நாக்கு வறண்டது. கை அப்படியே இருக்கிறது. வேட்டி கட்டி முடிப்பதற்குள் காலை பாதி போய்விடுகிறது. முன்பு எனக்குக் கை என்று ஒன்று இருப்பதே நினைவில் இருந்ததில்லை. இப்போது எப்போதும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல அது இருக்கிறது. சொன்ன பேச்சு கேட்காதவர்தான். ஆனாலும் எங்கள் வீட்டு மனிதர்.

உடம்பைப் பார்க்க யார் வந்தாலும் நான் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதில்லை. இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். வலது கை தன் உருவத்துக்கு வர அரை நிமிஷம் ஆகிறது. அதுவரை அவர்கள் காத்திருக்கட்டும்.