விலாசம் மட்டும்

வந்த கடிதத்துக்கு மூன்று நாளில் பதில் போக வேண்டும் என்பது எங்கள் அலுவலக நடைமுறை. அதை மீறியவர்களிடம் முப்பது ஆண்டுகள் விளக்கம் கேட்டவன் நான். இன்று என் ஓய்வூதியப் படிவம் பதினோரு நாளாக மேசையில் கிடக்கிறது. பசைப் புட்டியைத் திறந்து மூடியதுதான் இதுவரை நடந்த வேலை.

அந்தப் புளித்த வாடையில், புதுத்துணிக் கஞ்சி மணக்கும் அத்தாவின் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை நினைவுக்கு வந்துவிட்டது. திருக்கோவிலூரில் ஆசிரியப் பயிற்சிக்கு அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. தகப்பனாரின் சம்மதக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அத்தா மறுக்கவில்லை, எழுதவும் இல்லை. பேனாவைக் கழுவினார். மேசையைத் துடைத்தார். பிறகு மலையிலிருந்து ஆட்கள் கல்யாணத்துணி எடுக்க வந்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அக்கா உறையை நீட்டினாள். "அத்தா, விலாசம் மட்டும் எழுதுங்க. கடுதாசி அப்பறம் பாத்துக்கலாம்."

விலாசம்தானே என்று எழுதினார். அக்கா உடனே தபால்தலையை ஒட்டினாள்.

"இன்னாடி அவசரம்?"

"துணிய கிழிச்சாச்சுங்க அத்தா. இனிமே மடிச்சி அலமாரில வெக்க முடியாது."

கிழித்த துணியை அத்தா ஒருநாளும் விற்காமல் விட்டதில்லை. "வெவரமாத்தான் பேசற. இன்னா எழுதணும், சொல்லு" என்றார். நாலே வரி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து தபால்காரரை வழிமறித்து நச்சரித்தவரும் அத்தாதான். அக்காவை வரச்சொல்லிப் பதில் வந்தது, வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள்.