செத்துப்போன கிடாயின் பெருமை

அப்புசாமிக்கு உழைப்பைத் தவிர எல்லா வேலையும் தெரியும் என்பாள் சென்னியம்மாள். புருஷன் ஆயிற்றே என்று பார்க்க மாட்டாள், முகத்துக்கு நேராகவே சொல்வாள். லாரி புரோக்கர், கோழிப்பண்ணை மேஸ்திரி, போர்வெல் ஏஜெண்டு என்று அவர் அடிக்காத விசிட்டிங் கார்டு மேச்சேரிப் பக்கம் இல்லை. மிஞ்சியதும் அந்தக் கார்டுகள்தான்.

ஆடு மேய்ப்பது அவள், ஆட்டைப் பற்றிப் பேசுவது அவர். "எங்கூட்டுக் கிடாய் கலப்பே இல்லாத மேச்சேரி ஜாதி" என்று டீக்கடையில் தொடங்கினால் பாய்லர் ஆறும்வரை ஓயாது. அந்தக் கிடாய்க்கு ஒரு வேளையாவது தண்ணீர் காட்டியிருப்பாரா என்றால், இல்லை.

கிடாய்க்கு இன்சூரன்ஸ் போட்டபோது காதில் நம்பர் போட்ட மஞ்சள் வில்லை குத்தினார்கள். செத்தால் வில்லையோடு கால்நடை டாக்டரிடம் காட்ட வேண்டும். செத்தது எந்த ஆடு என்று வில்லைதானே சொல்கிறது என்பது பிடிபட்ட நாளிலிருந்து அப்புசாமியின் நடையே மாறிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்தில் வயிறு உப்பி ஒரு கிழட்டுக் கிடாய் செத்தது. குழி தோண்டுகிற வேலை மிச்சம் என்று சந்தோஷமாகக் கொடுத்தார்கள். அப்புசாமி தன் கிடாயின் காதை அறுத்து வில்லையை எடுத்து, செத்த காதில் பசை வைத்து ஒட்டினார். உயிருள்ளதைச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் கட்டினார்.

"டாக்டரம்மா கையெழுத்துப் போட்டதும் இதைக் கறிக்குத் தள்ளிரலாம் அம்மிணி. ரெட்டை வரும்படி."

"புட்டிப்பால் ஊட்டி நான் வளத்துனதுங்க அது."

"செத்த ஆட்டுக்கு எதுக்கு இத்தனை அழுவை?"

சென்னியம்மாள் போருக்குப் பின்னால் போனாள். அறுந்த காதுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்.

மறுநாள் டாக்டர் சரிதா வந்து, குனிந்து பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனுங்க, இதுவா மேச்சேரி? மேச்சேரிக்கு ஏதுங்க கொம்பு? இதுக்கு முளை இருக்குதே. கலப்புங்க இது."

அப்புசாமியின் உதடு துடித்தது. ஆனாலும் வரும்படியை நினைத்து விழுங்கிக்கொண்டார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

புருஷனைக் காட்டிக்கொடுக்க சென்னியம்மாளுக்கு வாய் வரவில்லை. ஆனால் அவரை அவளுக்குத் தெரியும்.

"நெசந்தானுங்க டாக்டரம்மா. எங்க கிடாய் எப்பவுமே சோப்ளாங்கிதானுங்க. இதோட தாயே கலப்பு. எவனோ இவரு தலையில கட்டிட்டான். இவருக்கு ஆட்டைப் பத்தி என்னுங்க தெரியும்?"

"ஆருக்குத் தெரியாது? எனக்கா?"

அப்புசாமி போருக்குப் பின்னால் ஓடினார். கிடாயை இழுத்துவந்து டாக்டர் முன்னால் நிறுத்தினார். "பாருங்க! நெஞ்சு அகலத்தைப் பாருங்க! மண்டையைத் தடவிப் பாருங்க, கொம்பு தட்டுப்படுதா? இதானுங்க எங்க கிடாய்!"

டாக்டர் மஞ்சள் அப்பிய காதைப் பார்த்தார். செத்த காதிலிருந்த வில்லையை விரலால் தள்ளினார். அது கையோடு வந்துவிட்டது.

"அப்ப செத்தது எதுங்க?"

ஆட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அப்புசாமி வாயடைத்து நின்றது அன்று ஒருநாள்தான்.

"இன்சூரன்ஸ்காரங்களுக்கு இதை அப்படியே எழுதிருவேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஸ்கூட்டியை எடுத்தார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் அப்புசாமிக்குக் குரல் திரும்பியது. "எது எப்படியோ, கிடாயைப் பாத்து அந்தம்மா அசந்துபோயிட்டாங்க, கவனிச்சியா?"

சென்னியம்மாள் கடப்பாரையை அவர் காலடியில் போட்டாள்.

"நாறிப்போகும், குழியத் தோண்டுங்க" என்று சொல்லிவிட்டு, கிடாயை ஓட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.